ஒரு 'ஹேவ்' போடச் சொன்னது குற்றமா?

நேற்றிலிருந்து நடக்கும் கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்களுக்கு: நம்ம தேயிலைத் தோட்டத்துத் தம்பி ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு பதிவு போட்டிருந்தார், அதில் 'ஐ பீன் திங்கிங்' என்று எழுதியிருந்தார். அந்தத் தம்பியின் பதிவுக்குக் கீழே நான் எழுதியது ஒரே வரி: 'ஐ பீன் திங்கிங்' இல்லை தம்பி, 'ஐ ஹேவ் பீன் திங்கிங்'. அதற்கு எனக்குக் கிடைத்த பட்டங்கள்: துரைசாணி, டவுன் திமிர் பிடித்தவள், வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம். நன்றி.

பேசும்போது அந்த 'ஹேவ்' சுருங்கி, 'ஐவ்' என்று உதட்டில் பட்டும் படாமலும் போய்விடும். யூடியூப் பார்த்து, காதால் கேட்டு ஆங்கிலம் பழகிய பிள்ளைக்கு அது விழவே விழாது, கேட்டபடியே எழுதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எழுத்தில் 'ஹேவ்' வேண்டும். கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் யோசனை ஓயவில்லை என்று சொல்வதற்கு அதுதான் முதுகெலும்பு. 'ஐ வோஸ் திங்கிங்' என்றால் முடிந்த கதை, 'ஐ ஆம் திங்கிங் லேட்லி' என்றால் நம்ம ஊரைத் தாண்டிச் செல்லாது. இதில் திமிர் எங்கே இருக்கிறது, யாராவது காட்டுங்கள்.

"அமெரிக்கப் பாட்டில எல்லாம் அப்படித்தானே வருது" என்று ஒருவர். வரும். அங்குள்ள கறுப்பின மக்களின் ஆங்கிலத்துக்குத் தனி இலக்கணமே உண்டு, 'பீன்' என்பதை அழுத்திச் சொன்னால் நெடுநாளாக என்ற பொருள்கூட வரும். அது அவர்கள் வீட்டு மொழி, அவர்களுக்கு அது பிழையில்லை. இலங்கை மலையகத்துக் கொட்டகலையிலிருந்து வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிற நமக்கு அந்தச் சலுகையை எவன் தரப்போகிறான்?

என்னிடம் படிக்க வந்த ஒரு பிள்ளை, அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்தவள். கொழும்பில் ஓர் அலுவலகத்தில் நேர்முகத்துக்குப் போயிருந்தாளாம். அவள் கடிதத்தில் 'ஐ பீன் வேர்க்கிங்' என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு இழுத்து, பக்கத்துக் கதிரையில் இருந்தவருக்குத் தள்ளிக் காட்டினார்களாம். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வேலையும் கொடுக்கவில்லை. "முன்னமே யாரும் சொல்லலையே டீச்சர்" என்றுதான் வகுப்புக்கே வந்தாள். அவள் பதிவுகளுக்கும் நீங்கள் எல்லோரும் 'சூப்பர் தங்கச்சி' போட்டிருப்பீர்கள்.

இன்பாக்ஸில் சொல்லியிருக்கலாமாம். சரி, சொல்லியிருக்கலாம். பாராட்டு மட்டும் ஏன் பொதுவில் வருகிறது? அதையும் இன்பாக்ஸில் போடுங்களேன்.

ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது அந்தக் கடைசிக் கமென்ட்: "பாவம், தோட்டத்துப் பிள்ளை, இங்கிலீஷில எழுதுறதே பெரிய விசயம், விடுங்க." விடமாட்டேன். இந்த 'விடுங்க' நமக்குப் புதிதா? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான், அதுவரைக்கும் பெரும்பாலான இடங்களில் ஐந்தாம் வகுப்போடு சரி, அதுவே இவர்களுக்குப் போதும் என்றார்கள். 1948இல் மலையகத் தமிழரான நம் குடியுரிமையைப் பறித்த சட்டமும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. அதற்குப் பின்னால் வந்த தாள்களில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கைநாட்டு வைத்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். அன்றைக்குத் தோட்டத்துத் துரை சொன்ன அதே 'போதும்' இன்றைக்கு நம்ம ஆளின் வாயிலிருந்து, அதுவும் அன்பு என்ற பெயரில் வருகிறது. அந்தத் தம்பி கெட்டிக்காரர், அவரால் முடியும் என்று நினைத்ததால்தான் திருத்தினேன். முடியாது என்று நினைத்திருந்தால் நானும் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டுப் போயிருப்பேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்த என்னைப் பார்த்து டவுன் திமிர் என்கிறீர்கள் பாருங்கள், அதுதான் சிரிப்பு. சிரிப்பு என்ன, வலிக்கத்தான் செய்கிறது.

"டீச்சருக்கு வேற வேலை இல்லையா" என்று கேட்ட அண்ணனுக்கு: இருக்கிறது அண்ணன். ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகள் மேசையில் குவிந்து கிடக்கின்றன, புரட்டினால் இதே 'ஐ பீன்' தான். சிவப்புப் பேனாவை எடுக்கவா, இல்லை எல்லாவற்றுக்கும் 'சூப்பர்' போட்டுவிடவா, நீங்களே சொல்லுங்கள்.