பதினாலு இடம் பார்த்தவருக்கு

நேற்றைய அந்தப் பதிவை இங்கே பாதிப் பேர் படித்திருப்பீர்கள். என்னை டேக் செய்து, கும்பிடு ஸ்மைலி போட்டு, 'பிளான் போட்டுக் கொடுத்த தோழிக்கு நன்றி' என்று முடித்திருந்தாரே, அதேதான். "ரெண்டரை நாள்ல பதினாலு இடம். கன்னியாகுமரி ஓவர் ரேட்டட், மனசுல ஒண்ணும் நிக்கல." கீழே நம் பொது நண்பர்கள் வரிசையாக வந்து 'ஆமா, ஒரு நாள் போதும்', 'ஆமா, அரை நாளே ஜாஸ்தி' என்று ஏலம் விட்டிருந்தார்கள்.

இரண்டரை நாளில் பதினாலு இடம் பார்த்தால் மனதில் எப்படி நிற்கும் என்று ஒருத்தராவது கேட்பார் என்று இரவு பதினோரு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. அதனால் நானே கேட்கிறேன்.

முதலில் ஒன்று. அந்த பிளான் நான் போட்டது இல்லை. நான் எழுதிக் கொடுத்ததில் மொத்தம் நான்கு இடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழும்பூரில் ரயில் ஏறி, விடியும்போது நாகர்கோவிலில் இறங்குவது. மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. சாயங்காலம் முட்டம் கடற்கரை. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் மருந்துவாழ்மலை. மலை ஏற முடியாத பெரியவர்கள் சுசீந்திரம் கோயிலுக்கு. அன்று மத்தியானம் ஒன்றும் கிடையாது, தூக்கம். மூன்றாம் நாள் குமரி முனையில் சூரிய உதயம், காலை முதல் படகில் விவேகானந்தர் பாறை, அங்கிருந்து கண்ணாடிப் பாலம் வழியாக வள்ளுவர் சிலை. சாயங்காலம் ரயில். அவ்வளவுதான். 60 நாள் முன்னாடியே டிக்கெட் எடுக்கணும் என்று தேதி முதற்கொண்டு குறித்துக் கொடுத்தேன்.

"என்னங்க, ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணா?" என்று சிரித்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருத்தராக இடம் சேர்த்தார்கள். திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், பேச்சிப்பாறை அணை, சிதறால், பத்மநாபபுரம் அரண்மனை, வட்டக்கோட்டை, சொத்தவிளை, கணபதிபுரம்... மளிகைச் சாமான் லிஸ்ட் தோற்றது. ரயிலை ரத்து செய்துவிட்டு வேன். வேன் இருந்தால் நினைத்த இடத்தில் நிறுத்தலாமாம். சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். பதினொரு பேர், அதில் இரண்டு பேர் எழுபதைத் தாண்டியவர்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்து, சனிக்கிழமை பதினொரு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் எந்த ஊர்தான் அழகாகத் தெரியும்?

"சின்ன மாவட்டம்தானே, எல்லாம் பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு" என்பார்கள். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கும். குமரியிலிருந்து திற்பரப்பு 50 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் ஊர்ச் சாலையில் வீடு, சர்ச், கோயில், கடை, மறுபடி வீடு என்று இடைவெளியே கிடையாது. ஊர் எங்கே முடிந்தது என்று எங்களுக்கே தெரியாது. நடுவில் கல் ஏற்றின லாரி. சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் போகிற கணக்கை இங்கே போட்டால் எப்படி? போக வர நாலு மணி நேரம், அருவியில் இருபது நிமிஷம். மே மாதத்தில் அந்த அருவி விழும் கோதையாற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 'அருவி நூல் மாதிரி ஒழுகுது' என்று இன்ஸ்டாகிராமில் சிரித்திருக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் அப்படித்தான் ஒழுகும். ஜூலையில் வாருங்கள், இரைச்சலில் பேசுவது காதில் விழாது.

'சூரிய அஸ்தமனமும் ஏமாத்திடுச்சு' என்று ஒரு வரி. ஐயா, ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் குமரி முனையில் நின்றால் சூரியன் கடலில் விழாது, கரைப்பக்கம் சாய்ந்துவிடும். அதற்காகத்தான் முட்டம் என்று எழுதியிருந்தேன். அங்கே வருஷம் முழுக்கக் கடலில்தான் விழும். முட்டத்தை 'வெறும் பாறை' என்று வெட்டிவிட்டு, குமரியில் போய் நின்று, என் ஊரின் சூரியன் சரியில்லை என்கிறார்கள். திங்கட்கிழமை அரண்மனை லீவு என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். (தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அது கேரள அரசின் தொல்லியல் துறைக்கு உட்பட்டது, அவர்கள் விடுமுறைதான் விடுமுறை.) திங்கட்கிழமைதான் போயிருக்கிறார்கள். பூட்டின வாசலில் எடுத்த செல்ஃபியும் அந்தப் பதினாலில் ஒன்று. நான் எண்ணிப் பார்த்தேன்.

இதைச் சொன்னால், "காசு செலவு பண்ணிப் போறோம், மறுபடி எப்போ போவோமோ, முடிஞ்சதைப் பாத்துடணும்ல" என்பீர்கள். இது நியாயமான கேள்விதான், இல்லை என்று சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்கு லீவு கிடைத்து, அலுவலகத்தில் லீவு கிடைத்து, மூன்று குடும்பமும் ஒத்துவருவது வருஷத்துக்கு ஒரு தடவை. நானும் அப்படிப் போனவள்தான். கல்யாணமான புதிதில் ஊட்டிக்கு ஒரு பேக்கேஜ். ஒரே நாளில் பதினொரு இடம். இன்றைக்கு என்னை எழுப்பிக் கேட்டால், வேன் டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரும், கொண்டை ஊசி வளைவில் நான் வாந்தி எடுத்த பாலிதீன் பையும்தான் ஞாபகம் வருகிறது. தொட்டபெட்டா போனோமா என்பதில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் இன்னும் சண்டை. ஆனால் நான் திரும்பி வந்து ஊட்டி வேஸ்ட் என்று எழுதவில்லை.

"பெரியவங்க கோயில் கோயிலாப் போகணும்னாங்க" என்பது அடுத்த சாக்கு. பெரியவர்களை யாரும் கேட்கவே இல்லை, எனக்குத் தெரியும். "ஊர்ல வசதி பத்தல" என்று ஒரு கமெண்ட். அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை.

"நீங்க ஊர்க்காரி, உங்களுக்கு வெறும் பாறையும் ஒசத்தியாத் தெரியும்." இருக்கலாம். அப்பா எங்களை மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையாவது முட்டத்துக்குக் கூட்டிப்போவார். டவுன் பஸ். தூக்குச்சட்டியில் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு. செம்மண் மேட்டைத் தாண்டி இறங்கினால் பாறை. பாறையில் உட்கார்ந்தால் வேறு வேலையே கிடையாது. அப்பா அதிகம் பேசமாட்டார். ஒரு தடவை மட்டும், "முன்னால பாத்தா கடலு, திரும்பிப் பாத்தா மலை. ரெண்டும் இம்புட்டுப் பக்கத்துல வேற எங்க இருக்கு?" என்றார். பின்னால் வானம் தெளிவாக இருந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாய்க் கிடக்கும். கலங்கரை விளக்கில் வெளிச்சம் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் எழுந்திருப்போம். கடைசி பஸ்ஸில் நான் அவர் மடியில் தூங்கிவிடுவேன். அந்தப் பாறையைத்தான் இவர்கள் வாட்ஸ்அப்பில், 'அங்க என்ன இருக்கு' என்று வெட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் வலித்தது. சொல்லவில்லை. பயணத்துக்கு முந்தின நாள் போய் ஒருத்தர் உற்சாகத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

கணபதிபுரம் கடற்கரை விஷயத்தில் மட்டும் விடவில்லை. பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள் என்று மூன்று தடவை எழுதினேன். 'ரொம்ப நெகட்டிவா பேசுறீங்க' என்று பதில். 2024 மே மாதம் அதே கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. அந்த நேரத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. எங்கேயோ தெற்கே தூரத்துக் கடலில் அடித்த காற்றில் எழும்பின அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் சத்தமில்லாமல் கரையேறி வரும். அதனால்தான் அந்தப் பெயர். கடற்கரைக்காரர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள், இன்றைக்கு இறங்கலாமா கூடாதா என்று. ஆனால் அவர்களிடம் கேட்க வேனிலிருந்து இறங்கிப் பேச வேண்டும். பதினாலு இடம் வைத்திருக்கிறவருக்கு அந்த ஒரு நிமிஷம் எங்கே? நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இதில் நான் நெகட்டிவ் என்றால் நெகட்டிவாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

சரி, பிளானை மாற்றுவது அவரவர் உரிமை. அதற்கா இவ்வளவு நீளம் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு என்பதை மட்டும் அவர்கள் வெட்டவில்லை. அம்மா வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிட்டாள். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளிதான்) அவித்து, நெய்மீன் குழம்பு வைத்து, பெரியவர்கள் சைவம் என்று நான் சொன்னதால் தனிப் பாத்திரத்தில் அவியல், எரிசேரி. பிள்ளைகளுக்கு என்று மட்டிப் பழம் ஒரு தார். அறுபத்தெட்டு வயது, முட்டி தேய்மானம். ஒரு மணிக்கு எனக்கு போன், "அவிய எப்பம் வருவாவ மக்ளே?" இரண்டு மணிக்கு மறுபடி. நான் இங்கே சென்னையிலிருந்து அவர்களுக்கு அடிக்கிறேன், எடுக்கவில்லை. மூணேகாலுக்கு எடுத்து, "ஸாரிங்க, வழியிலேயே ஹோட்டல்ல சாப்ட்டோம். இன்னைக்குத் தொட்டிப்பாலமும் திற்பரப்பும் கவர் பண்ணலேன்னா பிளான் இடிக்கும்" என்றார். கவர் பண்ணணுமாம். போர்வையா அது?

அம்மா ஒன்றும் கோபப்படவில்லை. "சின்னப் பிள்ளைய வச்சிட்டு அலையுதாவ, பாவம்" என்றாள். மீன் குழம்பை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாளாம். வட்டக்கோட்டை போகும் வழியில் எட்டிப் பார்ப்பார்களோ என்று ஞாயிறு முழுக்க வாசலைத் திறந்தே வைத்திருந்திருக்கிறாள். இதைத் தம்பிதான் சொன்னான், அவள் சொல்லவில்லை.

என்னிடம் இன்பாக்ஸில் 'கோகர்ணாவுக்கு ஒரு பிளான் போட்டுத் தர முடியுமா' என்று நேற்று ராத்திரியே இரண்டு பேர் கேட்டாயிற்று. நான் கோகர்ணா போனதில்லை. போயிருந்தாலும் தரமாட்டேன்.

நேற்றுப் பதிவு போட்டவருக்கு ஒரு தகவல். உங்கள் பிள்ளைகளுக்கு என்று அம்மா முந்திரிக்கொத்து பிடித்து மூன்று டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். தம்பி போன வாரம் வரும்போது கொண்டுவந்து கொடுத்தான். பிரிட்ஜ் மேல் இருக்கிறது, இன்னும் கெடவில்லை. வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் வேறு எதையும் கவர் பண்ணாமல் நேராக வந்தால் அம்பத்தூர் அரை மணி நேரம்தான்.