ஆயிரத்துக்கு 5 டாலர் என்ற கணக்கு பற்றி

“ஆயிரத்துக்கு 5 டாலர் சிபிஎம், அப்படியென்றால் மாதம் ஒரு லட்சம் பார்வைக்கு 500 டாலர் நிச்சயம்” என்று வலைத்தளத்தில் விளம்பரம் போட்டுச் சம்பாதிப்பது பற்றி ஒருவர் சொல்லியிருக்கிறார். நிச்சயம் எல்லாம் இல்லை. சிபிஎம் (CPM) என்பது விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்படுவதற்கு விளம்பரதாரர் கொடுக்கும் விலை. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் இடையில் கழிவதெல்லாம் போக, தளக்காரர் கைக்கு வருவது சுமார் 68 சதவீதம். அதுவும் விளம்பரம் உண்மையில் காட்டப்பட்டால்தான். விளம்பரத்தைத் தடுக்கும் ஆட்பிளாக்கர் போட்டவர் பத்துப் பக்கம் புரட்டினாலும் பைசா வராது. ஒரே பக்கத்தில் மூன்று விளம்பரம் இருந்தால் கணக்கு மேலேயும் போகலாம், அது வேறு.

பார்க்க வேண்டியது பக்க ஆர்பிஎம் (RPM), அதாவது ஆயிரம் பக்கப் பார்வைக்குத் தளக்காரருக்கு வரும் பணம். வந்த பணத்தைப் பார்வைகளால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். 40,000 பார்வைக்கு 22 டாலர் என்றால் ஆயிரத்துக்கு 55 சென்ட். அந்த விகிதத்தில் ஒரு லட்சத்துக்கு 55 டாலர்தான். 100 டாலர் சேராமல் ஆட்சென்ஸ் பணம் அனுப்பாது என்பதால் முதல் மாதம் வங்கிக்கு ஒன்றும் வராது.

அப்புறம், யார் படிக்கிறார்கள் என்பதும் முக்கியம். அதே சமையல் குறிப்பை டொராண்டோவில் திறப்பதற்கும் மதுரையில் திறப்பதற்கும் விளம்பர இடத்துக்கு விளம்பரதாரர்கள் கேட்கும் ஏல விலை வேறு. அவர் காட்டிய 5 டாலர் எந்த நாட்டு வாசகருக்கு, எந்தத் தலைப்புக்கு?