முட்டுக் கொடுத்து நிற்கும் செர்ரி மரம்

ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் நெயோ என்னும் மலைப் பள்ளத்தாக்கில் நிற்கும் உசுஸுமி சகுரா என்ற செர்ரி மரத்தைப் பார்க்க, ஓகாக்கியில் தாருமி ரயில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்கி, மேட்டுப் பாதையில் நடந்தேன். அதன் வயது 1,500 ஆண்டுகளுக்கு மேல் என்கிறார்கள். கெய்தாய் பேரரசர் நட்டதாக ஊரில் ஒரு கதையும் உண்டு. மொட்டில் இளஞ்சிவப்பாகவும், விரிந்ததும் வெள்ளையாகவும் இருக்கும் பூ, உதிரும் தறுவாயில் மை கரைந்த நீரின் சாம்பல் நிறத்துக்கு வருவதால்தான் 'வெளிர் மை' என்ற பொருளில் இந்தப் பெயர்.

மரத்தைச் சுற்றி ஏராளமான தூண்கள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன. என் அருகில் நின்றவர்கள் அந்தத் தூண்கள் படத்தில் விழாத கோணத்தைத் தேடி நகர்ந்துகொண்டே இருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அந்தத் தூண்களை விலக்கிவிட்டுப் பார்த்தால் இந்த மரத்தைப் பாதிதான் பார்த்ததாகும் என்பது என் உறுதியான கருத்து.

1922-இலேயே நாட்டின் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட மரம், 1940-களின் இறுதியில் பட்டுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. இனிப் பிழைக்காது என்று பலர் கைவிட்ட பிறகு, மரங்களைப் பேணுவதில் தேர்ந்த மயேடா என்ற பல் மருத்துவர் 1949-இல் அடிமண்ணைத் தோண்டி, செத்த வேர்களை வெட்டி நீக்கி, காட்டுச் செர்ரிக் கன்றுகளின் 238 இளவேர்களை ஒவ்வொன்றாக ஒட்டுக் கட்டினார். மரம் மறுபடியும் துளிர்த்தது. பத்தே ஆண்டில், 1959-இன் இசே விரிகுடாப் புயல் அதன் பெருங்கிளைகளை முறித்துப் போட்டது. எழுத்தாளர் ஊனோ சியோ 1960-களில் இந்த மரத்தைப் பார்த்து மனம் நொந்து, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று விடாமல் குரல் கொடுத்தார்.

ஆலமரத்துக்கு விழுதுகள் அதன் உடம்பிலிருந்தே இறங்குகின்றன. செர்ரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லாததால் மனிதர்கள் விழுதுகளை ஊன்றியிருக்கிறார்கள். பாசி படிந்து வெடித்த ஒரு கிளை தூணின்மேல் சாய்ந்திருந்த இடத்தை நெருங்கிப் பார்த்தேன். அதே கிளையின் நுனியில் அன்று காலை விரிந்த பூக்கள் கொத்துக் கொத்தாக இருந்தன.

ஏப்ரலில் அங்கே போகிறவர்கள் தயவுசெய்து அந்தத் தூண்களையும் சேர்த்தே படம் எடுங்கள். வேர்மண்ணை யாரும் மிதிக்காதபடி போட்டிருக்கும் வேலியைத் தாண்டாதீர்கள். நான் அந்த வேலியோரம் நின்று, பூவைவிட அதிக நேரம், இதழ்கள் வந்து விழுந்துகொண்டிருந்த அந்த மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.