கல்லாவில் விழும் காசில் எதை எடுத்து வைப்பது?

போன மாதம் என் பெரியம்மா ஒரு பித்தளைச் செம்பு நிறையச் சில்லறையோடு கடைக்கு வந்தார். பெரும்பாலும் காண்டாமிருகம் போட்ட 25 பைசா. நடுவில் வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த 5 ரூபாய் நாணயங்கள் இரண்டு. அந்த நாணயம் ஒன்றுக்குப் பத்து லட்சம் தருவதாகக் கைப்பேசியில் ஏதோ காணொளி பார்த்திருக்கிறார். அதில் இருந்த எண்ணுக்குப் பேசியும்விட்டார். பதிவுக் கட்டணமாக 2,500 ரூபாய் அனுப்பினால் மறுநாளே வீட்டுக்கு ஆள் வரும் என்று சொன்னார்களாம். பணம் அனுப்பத் தெரியாததால்தான் என்னிடம் வந்தார். தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த மாதிரி ஏமாற்று வேலைகளைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய காசு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, யாரையும் கட்டணம் வசூலிக்கச் சொல்லவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். அந்த எச்சரிக்கை என் பெரியம்மாவிடம் வந்து சேரவில்லை. காணொளி வந்து சேர்ந்துவிட்டது.

நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரவு கல்லாவை எண்ணும்போது காசுகளைத் திருப்பிப் பார்ப்பது பல வருடப் பழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பணமாக்கலாம் என்ற எண்ணத்தில் சேர்ப்பதற்கு, நம் கையில் புழங்கும் காசில் அநேகமாக எதுவும் இல்லை. கோடிக்கணக்கில் அடித்து வெளியே விட்ட நாணயம், பத்து வருடம் கைமாறித் தேய்ந்த பிறகு, அதில் எந்தச் சாமி இருந்தாலும் லட்சத்துக்குப் போகாது. சேர்ப்பவர்கள் முகமதிப்புக்கு மேல் கொஞ்சம் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இன்னொரு வகை உண்டு. சத்தமில்லாமல் புழக்கத்திலிருந்து மறைந்துகொண்டிருக்கும் காசுகள். அவற்றை எடுத்து வையுங்கள் என்பதுதான் என் கட்சி.

அந்தக் கனமான 5 ரூபாயை நினைத்துப் பாருங்கள். 9 கிராம் எடை. முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். உள்ளங்கையில் வைத்தாலே காசு என்று தெரியும். உலோகத்தின் விலை ஏறியபோது அதை எல்லை தாண்டிக் கடத்தி, உருக்கி, சவர பிளேடு செய்கிறார்கள் என்று செய்தி வந்தது. நாணயத்தை உருக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று 2011 நாணயச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதற்கு முன்பே 5 ரூபாய் 6 கிராமுக்கு மெலிந்துவிட்டது. இன்று என் கல்லாவில் அந்தப் பழைய காசு விழுவது எப்போதாவதுதான். பதினொரு பட்டை கொண்ட பழைய 2 ரூபாயும் அப்படியே.

அந்தப் பழைய காசுகளிலேயே தமிழர் வீட்டில் இருக்க வேண்டியவை உண்டு. 1995இல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, திருவள்ளுவர் உருவத்தோடு 1, 2, 5 ரூபாய் மூன்றிலும் நாணயம் வெளியிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கக் கொண்டுவரும் காசில் வள்ளுவர் இருந்தார்! பிறகு காமராசர் நூற்றாண்டுக்கு வந்தது. 2009இல் அண்ணா நூற்றாண்டுக்கு, அவருடைய தமிழ்க் கையெழுத்தோடு 5 ரூபாய் வந்தது. மறு ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டுக்கு ஒன்று. விலை என்ன என்று கேட்காதீர்கள். இவை கைக்கு வந்தால் வேறொரு 5 ரூபாயைக் கல்லாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். 5 ரூபாய்க்கு இதைவிட நல்ல பொருள் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எடுத்தபின் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதி போட்டுத் துலக்குவதும் கூடாது. குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்கு நஞ்சு. எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும், மேலே மயிர்க்கோடுகள் விழுந்துவிடும், அதன் பிறகு சேகரிப்பவர் ஒருவர்கூட அதைத் தொட மாட்டார். வெறும் காகித உறையில் போட்டு, ஈரம் படாமல் வைத்தால் போதும். ஒரே காசு இரண்டு கிடைத்தால் தேயாததை வைத்துக்கொண்டு மற்றதைச் செலவழியுங்கள். ஆண்டுக்குக் கீழே ஒரு சின்னக் குறி இருக்கும். வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, குறி இல்லாவிட்டால் கொல்கத்தா. பிள்ளைகளிடம் இதைக் காட்டிப் பாருங்கள், அன்று முழுக்க உண்டியலை விட்டு நகர மாட்டார்கள்.

10 ரூபாய் நாணயத்தை மட்டும் பதுக்காதீர்கள். அது செல்லாது என்று கிளம்பிய வதந்தியில் நம் ஊர்களில் எத்தனை சண்டை! பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிவித்தது. ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் செல்லும். தயங்காமல் வாங்குங்கள், தயங்காமல் கொடுங்கள்.

பெரியம்மாவின் செம்பை அன்று மாலையே கடைத் திண்ணையில் கொட்டி இருவரும் பிரித்தோம். 25 பைசா 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்றதும் முகம் வாடிவிட்டார். அடியில் பளபளப்பு மாறாத ஒரு வள்ளுவர் கிடந்தது, 1995, 2 ரூபாய். பெரியப்பா இருந்த காலத்தில் வந்ததாக இருக்கும் என்றார். வைஷ்ணவ தேவி இரண்டையும் பூசை அறைக்கு எடுத்துக்கொண்டார். வள்ளுவரை ஒரு உறையில் போட்டு, மேலே பெரியப்பாவின் பெயரை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.