பாலத்துக்குத் தலை

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில் பினாங்குத் தீவுக்குக் கடல்மேல் பாலம் கட்டிக்கொண்டிருந்த நேரம். பொழுது சாய்ந்தால் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு பிள்ளை வெளியே நிற்காது. பாலத்துத் தூண் நிற்கத் தலை வேண்டுமாம், கறுப்புக் காரில் வருகிறார்களாம், பின் சீட்டில் சாக்கு இருக்குமாம். பாட்டி சொல்லிவிட்டால் மறுபேச்சு ஏது? 1985இல் பாலத்தைத் திறந்தார்கள். அதே பாட்டி வேன் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, "எம்மாம் நீளம்!" என்று ஒரு வாரம் அதையே பேசினார். தலை வெட்டுகிறவன் பேச்சு அதோடு போச்சு.

நேற்று சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கும்போது சித்தப்பா போனை நீட்டினார். காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370, அமெரிக்கப் படைத்தளம் இருக்கும் டியேகோ கார்சியா தீவில் இறங்கிவிட்டதாம். காணொளிக்கு மேலே இரட்டை அம்புக்குறி, எத்தனையோ கை மாறி வந்ததற்கு அடையாளம்.

"யாரு அனுப்புனா சித்தப்பா?"

"குரூப்புல வந்துச்சுடா."

பாட்டி காலத்துப் புரளியை விசாரித்துக்கொண்டே போனால் நாலாவது வீட்டில் ஆள் சிக்கிவிடும். பாலம் திறந்ததும் கதையும் முடிந்தது. இப்போது வருவதற்கு ஆளும் இல்லை, முடிவும் இல்லை. 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு போன விமானம். மறு வருடம் ஜூலையில் ரியூனியன் தீவில் இறக்கைத் துண்டு ஒன்று ஒதுங்கியது, அதே விமானத்துடையது என்று உறுதியும் செய்தார்கள். சொன்னேன். "அதைக் கொண்டுபோய்ப் போட்டதே அவனுங்கதான்" என்றார். ஆதாரம் இல்லையென்றால் மறைத்துவிட்டார்கள், கிடைத்தால் அவர்களே வைத்தது! சும்மா சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. எந்தப் பதிலைப் போட்டாலும் அதையும் தின்று கொழுக்கிற சந்தேகத்தைத்தான் நான் சதிக் கோட்பாடு என்பேன். காணாமல் போன காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று 2018இல் அரசாங்க விசாரணை அறிக்கையே சொல்லிவிட்டதா, அப்புறம் கேட்கவா வேண்டும்.

ஆனாலும் அவரைப் பார்த்துச் சிரிக்க மனம் வரவில்லை. நம் ஆட்களுக்குச் சந்தேகம் சும்மா வந்ததில்லை. ஜப்பான்காரன் காலத்தில் நல்ல சம்பளம், சாப்பாடு என்று சொல்லித்தான் சயாமிலிருந்து, அதாவது தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை. தோட்டங்களிலிருந்து போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. தாத்தாவின் அண்ணன் ஒருவர் அதில் போனவர்தான். "இவன் பேச்சை நம்பாதே" என்று பால்மரக் காட்டுக்குள் ஒளிந்துகொண்ட தாத்தா பிழைத்தார். அவர் வழி வந்தவர்களிடம் போய், மேலே இருப்பவன் சொல்வதை அப்படியே நம்பு என்றால் எப்படி?

1எம்டிபி என்ற அரசாங்க நிதி நிறுவனத்துப் பணம் சுருட்டப்பட்ட விவகாரம்கூட ஒரு காலத்தில் கடைப்பேச்சு போலத்தான் இருந்தது. அதை வெளியே கொண்டுவந்தது எது? வங்கிக் கணக்கும் பணம் போன தாளும். அதன் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சியின் பணம் தொடர்பாக முன்னாள் பிரதமர் நஜிப் மீது நடந்த வழக்கில் 2020 ஜூலையில் தீர்ப்பு வந்தபோது அந்தக் கணக்குகளை நீதிமன்றத்தில் வரி வரியாகப் பார்த்திருந்தார்கள். டியேகோ கார்சியாவுக்கு அப்படி ஒரு தாள் காட்டுங்கள், நானே முதல் ஆளாகப் பகிர்கிறேன்.

சித்தப்பாவுக்குப் பாலத்துக் கதையை நினைவுபடுத்தினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மா சொன்னதெல்லாம் சும்மா, எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

கறுப்புக் கார் ஒன்று மண்சாலையில் திரும்பியதைக் கண்டு, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு ஓடியவர் அவர்தான். தோட்டத்து எழுத்தர் கிராணியைப் பார்க்க வந்த கார் அது.