கோவா பணத்தை இலைப் பணமாக எழுதச் சொல்லாதீர்கள்

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கேசினோவில் ஜெயித்த பணத்தைத் தேயிலை விற்ற பணமாக எழுத மாட்டேன் என்றதற்காக என்னைத் திட்டி ஊரெல்லாம் சுற்றுகிற வாய்ஸ் நோட்டு இன்று காலை என் சித்தியின் போனுக்கே வந்துவிட்டது. இனியும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அதில் சொன்னதெல்லாம் உண்மை என்று ஆகிவிடும்.

குன்னூர் குரூப்களில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். தெரியாதவர்கள் இன்பாக்ஸில் வந்து கேட்க வேண்டாம், பெயர் சொல்ல மாட்டேன். தொகை முதற்கொண்டு, ரிட்டர்ன் போட என்னிடம் வந்த அந்தத் தம்பியே அந்த வாய்ஸ் நோட்டில் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதால்தான் கணக்கை இங்கே எழுதுகிறேன். "அந்த அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. வேற ஆளா இருந்தா ரெண்டே நிமிஷத்துல ரீஃபண்ட் வாங்கிக் குடுத்திருப்பாரு. பொழைக்கத் தெரியாத கேசு." பதினொரு வருடமாக இந்த ஊரில் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கும் எனக்குக் கிடைத்த பெயர் இது.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தத் தம்பி நண்பர்களோடு கோவா போனார். பணஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கிற கேசினோக் கப்பல் ஒன்றில் முதல் ராத்திரியே ஸ்லாட் மெஷினில் 2,80,000 ரூபாய் ஜாக்பாட். 30 சதவீதம், அதாவது 84,000 டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கிற வரி) பிடித்துக்கொண்டு 1,96,000 கொடுத்தார்கள். மறுநாள் ராத்திரி அதிலேயே 1,10,000 விட்டுவிட்டார். ஊர் வந்து சேர்ந்தது 86,000.

என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு மாசம் 28,000 சம்பளம். பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரியே இல்லையே, அந்த 84,000-ஐத் திரும்ப வாங்கிக் குடுங்க" என்றார். கேட்டதில் தப்பில்லை. பாதி ஊர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்து விளக்கினேன். அந்த 12 லட்சம் சம்பளம் மாதிரியான சாதாரண வருமானத்துக்கு. லாட்டரி, சீட்டாட்டம், குதிரைப் பந்தயம், கேசினோ என்று ஆட்டத்தில் வந்த பணம் 1961 வருமான வரிச் சட்டத்தின் 115பிபி பிரிவில் தனியாக நிற்கும். அதற்கு அடிப்படை விலக்கு வரம்பும் கிடையாது, 12 லட்சம் வரை வரியை இல்லாமல் ஆக்குகிற 87ஏ தள்ளுபடியும் கிடையாது. முதல் ரூபாயில் இருந்தே 30 சதவீதம், அந்த வரியின்மேல் 4 சதவீதம் செஸ் என்கிற கூடுதல் வரி, மொத்தம் 31.2. மறுநாள் விட்ட 1,10,000-ஐக் கழிக்க முடியாது. விமான டிக்கெட், ரூம் வாடகை, எதையும் கழிக்க முடியாது. ஆக 2,80,000-க்கு வரி 87,360. பிடித்தது 84,000. திரும்ப வருவதற்கு ஒன்றும் இல்லை, இன்னும் 3,360 கட்டவேண்டும்.

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கையில் நின்றது 86,000, வரி 87,360. யாருக்கும் வயிறு எரியும்.

அதற்கப்புறம் கேட்டதுதான் எனக்கு ஆகவில்லை. "தாத்தா பேர்ல அரை ஏக்கர் தேயிலை இருக்குக்கா. 2,80,000-உம் பச்சை இலை வித்த பணம்னு போட்டுடுங்க. விவசாயத்துக்கு வரி இல்லையே."

முடியாது என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஆட்டத்தில் ஜெயித்த பணத்தை ஆட்டத்தில் ஜெயித்த பணமாகக் காட்டுங்கள். இலைப் பணமாகக் காட்டாதீர்கள்.

"சும்மா ஒரு கட்டத்துல மாத்திப் போடுறதுதானே, அக்காவுக்கு ஏன் இவ்வளவு வீம்பு" என்று அந்த வாய்ஸ் நோட்டுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, அந்த 84,000 அவருடைய பான் எண்ணின் மேல் பிடித்த வரியின் பட்டியலான 26ஏஎஸ்ஸில் 194பி பிரிவு என்று ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸிலும் வரும். 194பி என்றாலே ஆட்டத்தில் ஜெயித்த பணத்தில் பிடித்த வரி என்று அர்த்தம். பிடித்த வரியை மட்டும் திரும்பக் கேட்டுவிட்டு, ஜெயித்ததை இலை என்று எப்படி எழுதுவது? கிலோ 20 ரூபாய் என்று வைத்தாலும் 2,80,000-க்கு 14,000 கிலோ இலை வேண்டும். அரை ஏக்கரில் பறிக்கிற இலையா இது? ஃபேக்டரி பில் எங்கே? இலைப் புத்தகம் எங்கே? நிலமே தாத்தா பேரில் இருக்கிறது. மாட்டினால் வருமானத்தைத் தப்பாகக் காட்டியதற்கு வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம் போட 270ஏ பிரிவு இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பணமாக எடுத்துக்கொண்டால், 2025-26 வரையான வருமானத்துக்கு வரியே 78 சதவீதத்துக்குப் போகும். 3,360 கட்டவேண்டிய பையனை அந்தக் குழியில் தள்ளிவிட்டு நான் ஃபீஸ் வாங்கவேண்டுமா? அதற்குப் பெயர்தான் பிழைக்கத் தெரிவதா?

சட்டம் நியாயமா என்று கேட்பவர்களுக்கு: நான் எங்கேயும் நியாயம் என்று சொல்லவில்லை. ஆன்லைன் ஆட்டத்துக்கு 2023 ஏப்ரலில் இருந்து போட்டதைக் கழித்து நிகரமாக ஜெயித்ததற்குத்தான் வரி என்று வைத்தார்கள். அந்த ஆன்லைன் பண ஆட்டத்தையே 2025-இல் தடையும் செய்துவிட்டார்கள். நேரில் போய் ஆடுபவனுக்கு அந்த நிகரக் கணக்கு கிடையாது. பந்தயக் குதிரையைச் சொந்தமாக வைத்துப் பராமரிப்பவர் அந்த நஷ்டத்தை நாலு வருடம் வரை அதே வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதே குதிரைமேல் பணம் கட்டினவனுக்கு ஒரு ரூபாய் கூடக் கழிக்க முடியாது. எங்கள் பெரியப்பா ஊட்டி சீசனில் ரேஸ் கோர்ஸுக்குப் போய் வருவார். ஒரு வருடம் ஜெயித்தார், வரி பிடித்தார்கள். விட்ட வருடங்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 2024-இல் அரசு அந்த ரேஸ் கோர்ஸ் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது அவர் உயிரோடு இல்லை. பெரியம்மா மட்டும் "இருபது வருஷம் முன்னாடியே எடுத்திருக்கக் கூடாதா" என்று அழுதார். எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தின் வலி தெரியாதவர்கள் யாரும் இல்லை.

"கேசினோவுல ஆடுறதுக்கு டோக்கன் சிப்ஸ் வாங்கும்போதே ஜிஎஸ்டி பிடுங்குறாங்க, அப்புறம் எதுக்கு வருமான வரி?" என்பதும் நல்ல கேள்விதான். 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது. கோபப்படுங்கள், எம்பிக்கு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். "இங்கிலாந்துல ஜெயிச்ச பணத்துக்கு வரியே இல்ல" என்கிறார் இன்னொருவர். இருக்கட்டும், நம் பான் கார்டு இங்கே இருக்கிறது. அந்தக் கோபத்தை எல்லாம் தேயிலைத் தோட்டத்தின் தலையில் கட்டாதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

ஏன் இலை என்றதும் எனக்கு இப்படிப் பொத்துக்கொண்டு வருகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குக் கோத்தகிரி பக்கம் ஒன்றேகால் ஏக்கர். 2000-க்குப் பிறகு இலை விலை சரிந்த வருடங்களில் ஃபேக்டரிக்குக் கிலோ 6 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார். பறிகூலியே கட்டாது. அம்மாவும் நானும்தான் பறிப்போம். என் படிப்புக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனோம். ஃபேக்டரி சீட்டுகளை எல்லாம் தேதி வரிசையில் நூல் கட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார் அப்பா. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இலைக் கணக்கா? இந்த மலையில எந்தப் பணத்தையும் இலைக் கணக்குல எழுதிடுவாங்களே" என்று சிரித்தார். அப்பா பதில் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது அந்தக் கட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். எனக்கு அப்போது பதினேழு வயது.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? அப்பா பொய் எழுதினாரா? எவனோ வட்டிப் பணத்தையும் கமிஷன் பணத்தையும் இலை என்று எழுதினான், சந்தேகம் எங்கள் சீட்டின்மேல் விழுந்தது. இப்போது விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று ரிட்டர்னில் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். உண்மையாக இலை போடுகிறவர் இன்னும் எத்தனை பேரிடம் நூல் கட்டிய சீட்டை நீட்டவேண்டும்?

கேசினோ மட்டும் இல்லை. கூடலூரில் இருந்து நாடுகாணி தாண்டிப்போய் கேரளா லாட்டரி எடுப்பவர்களுக்கும் இதே விதிதான். ஜெயித்தால் ஐடிஆர்-1 என்கிற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போடாதீர்கள். ஐடிஆர்-2 எடுங்கள், தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர்-3. இதர வருமானம் அட்டவணையில் 115பிபி என்று தனியாக வரும். அங்கே வரி பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையை எழுதுங்கள், கையில் வந்ததை அல்ல. பிறகு டிடிஎஸ் பக்கத்தில் பிடித்ததைக் கேளுங்கள். ஒருவேளை வரி பிடிக்காமல் கொடுத்திருந்தாலும் காட்டத்தான் வேண்டும்.

"நீ என்ன வரித்துறை ஆளா?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்லக்கூடத் தோன்றவில்லை. இலை பறித்து வளர்ந்த கை இது. அந்தக் கையால் அப்படி எழுத முடியவில்லை, அவ்வளவுதான்.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, பகை இல்லை. 3,360-ஐக் கட்டிவிட்டுச் சலானோடு வா. ஐடிஆர்-2 நானே போட்டுத் தருகிறேன், ஃபீஸ் வேண்டாம். வருவதற்கு முன்னால் அந்த வாய்ஸ் நோட்டு தப்பு என்று அதே குரூப்பில் ஒரு வரி சொல்லிவிட்டு வா. என் சித்தி காலையில் இருந்து சாப்பிடவில்லை.