ஈப்போவைச் சாய்த்தது விலைச் சரிவு

ஈயச் சுரங்கங்களால் ‘கோடீஸ்வரர் நகரம்’ என்று பெயரெடுத்த ஈப்போ (மலேசியாவின் பேராக் மாநிலத் தலைநகர்), ஈயம் (அதாவது வெள்ளீயம், tin) தீர்ந்ததால் தளர்ந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம் சுங்கை சிப்புட் தோட்டத்து நண்பர்களும் பகிர்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியில்லை. எளிதில் கிடைக்கும் ஈயம் குறைந்துவந்தது உண்மைதான். ஆனால் லம்பங்களை, அதாவது ஈயச் சுரங்கங்களை, வரிசையாக மூடவைத்தது விலை. ஈயம் விற்கும், வாங்கும் நாடுகளின் அமைப்பான அனைத்துலக ஈய மன்றம் ஈயத்தை வாங்கிக் குவித்து விலையைத் தாங்கிப் பிடித்திருந்தது. 1985 அக்டோபரில் அதன் கையில் பணம் தீர்ந்தது. 24ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தை ஈய வணிகத்தையே நிறுத்தியது. அப்புறம் விலை ஏறக்குறைய பாதியானது. வேலை இழந்தவர்களில் நம் ஆட்களும் உண்டு, காரணத்தையாவது சரியாகச் சொல்வோம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் அந்த வாரத்து நாளிதழ்களை இலவசமாகப் படிக்கலாம். பேராக்கின் கிளியான் இந்தானில் இன்றும் ஈயம் எடுக்கிறார்கள். அதையும் தேடிப் பாருங்கள்.